எட்டாவது சிலையின் கால்

செந்தேரிப்புதூர் நாலுமுக்கில் எட்டாவது சிலைக்குக் கால் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்வண்டி போன பிற்பாடு, மீன்காரி கூடையை இறக்குவதற்கு முன்னால். ஏற்கெனவே அங்கே நிற்கிற ஏழு பேருக்கும் கிழக்கே, பூட்டிக் கிடந்த டெலிபோன் பூத்துக்குப் பக்கத்தில், செம்மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு கருங்கல் பாதங்கள், கணுக்கால் வரைக்கும், இப்போதுதான் குளித்துவிட்டு வந்து நின்ற மாதிரி ஈரத்தோடு இருந்தன. யாரும் ஆச்சரியப்படவில்லை. டீக்கடைக்காரர் தன் பெஞ்சை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்; ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, மரியாதையாக டெலிபோன் பூத்தின் மேல் காலைத் தூக்கியது; ஒன்பது மணிக்குப் பேரூராட்சி ஆள் கூண்டுக்கு அளவெடுக்க டேப்போடு வந்துவிட்டார், ஏனென்றால் நம் பக்கத்தில் சிலை என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது சாணியைக் கரைத்து ஊற்றுவான், இன்னொருவன் பஸ்ஸைக் கொளுத்துவான்.

அறுபது வருஷமாக அந்த ஊரில் இப்படித்தான். புகழ் வருவதற்கு முன்னால் கால் வரும். யாருடைய கால் என்று முதலில் தெரியாது. பிறகு அந்த ஆள் எங்காவது பேர் வாங்க வாங்க, பேப்பரில் படம் வர வர, கல்லும் கீழேயிருந்து மேலே எழுப்புகிற சுவர் மாதிரி வளரும். முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து என்று வந்து கடைசியாகக் கண் வரும். கண் வந்த அன்றைக்கு அந்த ஆளை நாடே அறியும், அந்த ஆளுக்கு மட்டும் செந்தேரிப்புதூரைத் தெரியாது. பைத்தியம், கிறுக்கு எதுவும் இல்லை. மற்றதெல்லாம் பான் கார்டு நம்பர் உட்பட நன்றாக ஞாபகம் இருக்கும். இந்த ஊரும், இந்த ஊரில் தன்னோடு உட்கார்ந்து சோறு தின்ற ஆட்களும் மட்டும், ஈரத்துணியால் பலகையைத் துடைத்தது போலப் போய்விடுவார்கள். ராக்கெட் விடுகிற விஞ்ஞானி, நீதிபதி, ஹாக்கிக்காரர், இருதய டாக்டர், மந்திரி, டிவியில் சமைக்கிறவர், சினிமாவில் பாடுகிற முத்துமாலை, ஆக ஏழு பேர். ஏழு பேரிடமும் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், சிரித்துக்கொண்டே, "தெற்கே, தூத்துக்குடி பக்கம் எங்கேயோ" என்பார்கள்.

ஊர் இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லையில் வளைவு கட்டி "மாமனிதர்களின் மண்" என்று எழுதி வைத்தது. பள்ளிக்கூடத்தில் ஏழு பேரின் பேரையும் வரிசை மாறாமல் சொல்லாத பிள்ளைக்குப் பிரம்படி கொடுத்தது. மாசமாயிருக்கிற பெண்கள் வளைகாப்பு முடிந்த கையோடு ஏழு கூண்டையும் சுற்றி வந்தார்கள், பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் அதன் பாதத்தை ஈரமண்ணில் பதித்துப் பார்த்து, "கல்லுக்கு ஆகுமா?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

எமரென்சியா அன்றைக்குச் சாளை மீன் வாங்க வந்தவள். சர்ச் தெருவில் மூன்றாவது வீடு, வயது நாற்பத்தாறு, பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் ஒன்பது வருஷம் இருந்து, எம்ப்ராய்டரியும் இங்கிலீஷ் இலக்கணமும், தாமதமாக வருகிறவர்களைக் கண்டால் எரிச்சல்படவும் கற்றுக்கொண்டு, மின்வாரியத்தில் வேலை பார்க்கிற கிளாட்வினுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபது வருஷமாக அந்த இலக்கணத்தை இட்லி மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறவள். "இது ஐஸ்ல எத்தனை நாள் கெடந்துச்சு? எனக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சியா?" என்று மீன்காரியிடம் ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் பேச்சு பாதியில் நிற்பதை மீன்காரி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

கல்லின் இடது காலில், சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த விரல் எமரென்சியாவுக்குத் தெரிந்த விரல். பதினாலு வருஷத்துக்கு முன்னால், காலை நீட்டி அதன் மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும்போதெல்லாம், எண்ணெய் தொட்டு அந்தச் சுண்டுவிரலைப் பிரித்துப் பிரித்து விட்டிருக்கிறாள். விட்டதும் அது பழையபடி ஏறிக்கொள்ளும். "தாய் காலு அப்படியே வந்திருக்கு, பிரிச்சா நிக்குமா" என்று மாமியார் அப்போது அலுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை, டெல்பின், இப்போது ஒன்பதாம் வகுப்பு. நீளம் தாண்டுவதில் மாவட்டத்திலேயே முதல். அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்குப் போகப் பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள். எமரென்சியா மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னையிலேருந்து வீட்டுக்குள்ளயும் நீ சாக்ஸ் போடணும்."

"எதுக்கு?"

"படர்தாமரை."

"எனக்கா? எங்க?"

"வரும். வாரதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேக்காத."

டெல்பின் தாயின் முகத்தையும் காலியான மீன் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாலுமுக்குல கால் வந்திருக்காம்லா. பாத்துட்டு வாரியா?"

"காலாவது கையாவது. போய்ப் படி."

அன்று மாலை மாநிலப் போட்டிக்கான சம்மதப் படிவத்தில் எமரென்சியா கையெழுத்துப் போடவில்லை. அடுப்பில் போட்டாள். கிளாட்வின், எதற்கும் "பார்ப்போம்" என்று சொல்கிற மனுஷன், அதற்கும் "பார்ப்போம்" என்றார்.

பக்கத்து வீடு தங்கபுஷ்பத்தின் வீடு. பாடகன் முத்துமாலையைப் பெற்றவள். மறுநாள் மத்தியானம் எமரென்சியா ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு, அதைச் சாக்காக வைத்து, அங்கே போய் உட்கார்ந்தாள்.

"மைனி, கால் முளைச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? கணுக்கால்ல நாய் கடிச்ச தழும்பு. நானே போயி பேரூராட்சியில சொன்னேன். அன்னைக்கு எங்க தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தேன்ல்லா."

"பொறவு நீங்க மெட்ராசுக்குப் போனீங்களே?"

"போனேன். முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போனேன். ஒரு ஓட்டலு வாசல்ல எல்லாரும் வரிசையில நின்னாக, நானும் நின்னேன். நல்ல பிள்ள மைனி அவன். என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, 'அம்மா, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டான். எனக்கு உசுரே வந்துருச்சு." தங்கபுஷ்பம் குழம்பை வேறு சட்டிக்கு மாற்றினாள். "எனக்குப் பின்னாடி நின்னவளையும் அம்மான்னுதான் கேட்டான். அவ கோயம்புத்தூருக்காரி."

சுவரில் சட்டம் போட்ட படம் தொங்கியது. முத்துமாலை சிரித்துக்கொண்டிருந்தான், மூலையில் அவன் கையெழுத்தில், "அன்பு ரசிகைக்கு" என்று இருந்தது. தங்கபுஷ்பம் எழுந்து முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல மைனி, கேட்டியளா. எதையும் தேடவே இல்ல. அதுதான்..." என்றவள் முடிக்காமல், கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து எமரென்சியா தூங்கும்போது பிள்ளையின் சாக்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கினாள். செய்தித்தாள்காரனை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைக்கு முழங்காலில் நீர் கோத்திருக்கிறது என்று, ஒவ்வொரு ஞாயிறும் முதல் வரிசையில் நின்று செபம் சொல்கிற வாயால், கண் இமைக்காமல் பொய் சொன்னாள். செபமாலையை உருட்டும்போது, 'என் பிள்ளை எதிலும் ஜெயிக்கக் கூடாது ஆண்டவரே' என்று கேட்டுவிட்டு, அப்படிக் கேட்ட தன் குரலைக் கேட்டே நடுங்கினாள்.

ஊர் வேறு வேலையில் இருந்தது. பேரூராட்சித் தலைவர் சுடலைக்கண்ணு, "காலுக்கு உரியவரைக் கண்டுபிடிக்கும் சிறப்பு முகாம்" என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில், செருப்புக்கடைப் பொன்னுலிங்கம் அளவுக்கட்டையோடு உட்கார்ந்துகொள்ள, ஒவ்வொரு சாதிக்காரரும் தங்கள் பக்கத்துப் பிள்ளைகளை, காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, தனித்தனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருவர் தன் மகனின் சுண்டுவிரலை ஒரு வாரமாக நூல் போட்டுக் கட்டி மேலே ஏற்றியிருந்தார், அது முகாமில் அவிழ்ந்துவிட்டது, அதனால் ஒரு சின்னக் கைகலப்பு நடந்தது. கைக்குழந்தையிலிருந்து ரிட்டையர்டு தாசில்தார் வரைக்கும் எல்லார் காலும் பார்க்கப்பட்டது. நாற்பது தாண்டிய வீட்டுப் பெண்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் வரிசையில் நின்றவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எமரென்சியாவும் ஊற்றினாள், போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்களே என்று.

குவளையை நிமிர்த்தியபோதுதான் பார்த்தாள், வரிசையின் முன்னால் டெல்பின் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்த பிள்ளை. கையில் இரண்டு சாக்ஸையும் சுருட்டிப் பிடித்திருந்தது.

பொன்னுலிங்கம் அளந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி அளந்தார். "கொஞ்சம் கம்மியாத்தான் வருது," என்றார். "வளர்ற பிள்ளைதான, சரியாயிரும்." அவ்வளவுதான், மைதானம் கத்திய கத்தலில் மோர்ப்பானை எமரென்சியாவின் கையிலிருந்து நழுவி உடைந்தது. அதைத் திருஷ்டி கழிந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் அவள் அடிக்கவில்லை, கை எழும்பவில்லை.

"உனக்கு வெவரம் புரியலட்டி. நீ எங்களை மறந்துருவ. அப்பாவை, என்னை, இந்த வீட்டை."

"மறந்தா மறந்துட்டுப் போறேன்," என்றாள் டெல்பின். அவளும் அதே வாயைப் பெற்றவள்தானே. "என்னத்த ஞாபகம் வச்சுக்கணும்? காலையில கண்ணு முழிச்சதுலேருந்து ஏன்ட்டி, எங்கட்டி, என்னட்டி. பேப்பரை அடுப்புல போட்டல்லா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, திட்டாம இருந்திருக்கியாம்மா நீ?"

எமரென்சியா சாக்ஸை எடுத்து மடித்து, அலமாரியில் வைத்தாள்.

உள்ளூர்ப் பத்திரிகையில் டெல்பினின் படம் வந்தது. ஆனால் கல் கணுக்காலைத் தாண்டவில்லை. "சின்னப் பேப்பர்ல போட்டா எப்படி வளரும்? டிவி வரணும்," என்றார் சுடலைக்கண்ணு. ஆக, அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாலுமுக்கில் பந்தல் போட்டு விழா. கூண்டுக்கு வெள்ளி பெயின்ட் அடித்தாகிவிட்டது. மூன்று டிவிக்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் புகழ்பெற்றவர்களின் தாய்மாருக்கு வழக்கம்போல் நாற்காலி. ஏழில் இரண்டு பேர்தான் உயிரோடு மிச்சம், அதில் ஒருத்தி தங்கபுஷ்பம், தோளில் பொன்னாடை. மேடையில் டெல்பினைப் பட்டுப் பாவாடை உடுத்தி, வெறுங்காலோடு, ஒரு மணைக்கட்டையில் காலை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். கேமராக்கள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளையின் கால்விரல்கள் உள்ளுக்குள் மடங்கியிருந்ததை, அந்தப் பந்தலிலேயே அது பயந்துவிட்டதை, ஒருத்தி மட்டும்தான் கவனித்தாள்.

"பெற்ற தாய் இரண்டு வார்த்தை பேசுவார்," என்றார் சுடலைக்கண்ணு.

எமரென்சியா மைக்கைப் பிடித்தாள். "எனக்கு மேடையில பேசத் தெரியாது. வீட்டுல பேசத்தான் தெரியும், அதுக்கும் புகார் இருக்கு." கூட்டம் சிரித்தது. "நீதிபதியோட அம்மா செத்தப்ப யாரு கொள்ளி வச்சது? டீக்கடை அண்ணாச்சி. ஹாக்கிக்காரரோட அப்பா எங்க இருக்காரு? உங்க யாருக்காவது தெரியுமா? ஆனா கூண்டுக்கு எப்ப பெயின்ட் அடிச்சோம்னு எல்லாருக்கும் தெரியும். இங்க இருக்காங்களே இந்த மைனி, இவங்க பெத்த பிள்ளைகிட்ட வரிசையில நின்னு கையெழுத்து வாங்கிட்டு வந்தவங்க. நாம என்ன செஞ்சோம்? சால்வை போத்தினோம். வருஷா வருஷம் போத்தறோம். பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்குச் சால்வை போத்தறதுக்குப் பேரு பெருமைன்னு உங்களுக்கு எந்த மடையன் சொன்னது?"

சிரிப்பு நின்றுவிட்டது. கேமரா மூன்றும் காலை விட்டுவிட்டு அவள் முகத்துக்குத் திரும்பின.

"அம்மா, நேரமாகுது," என்று சுடலைக்கண்ணு மைக்குக்குக் கை நீட்டினார்.

"இருங்க அண்ணாச்சி. நான் பேசும்போது குறுக்க வந்தா எனக்குப் புடிக்காது." அவள் மேடையிலிருந்து இறங்கினாள். பிள்ளையை எப்படியாவது இந்த இடத்திலிருந்து கிளப்ப வேண்டும், என்ன பொய் சொன்னாலும் பரவாயில்லை, என்பது மட்டும்தான் அவள் மண்டையில் இருந்தது. கூண்டின் கதவைத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, கல் பாதத்துக்குப் பக்கத்தில் தன் இடது காலை வைத்தாள். "இது எம் பிள்ளை கால் இல்லை. என் கால். நல்லாப் பாத்துக்கிடுங்க. அவளை வீட்டுக்கு அனுப்புங்க."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பொன்னுலிங்கம் அளவுக்கட்டையோடு குனிந்தார். ஒரு தடவை அளந்தார், கல்லை அளந்தார், எழுந்து நின்றார். "ஏழு நம்பர்," என்றார். "சிலையும் ஏழு நம்பர். பாப்பாவுக்கு ஆறுதான். நாந்தான் வளந்துரும்னு..." சுண்டுவிரல் ஏறி உட்கார்ந்திருந்த விதத்தை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எமரென்சியாவும் குனிந்து பார்த்தாள். நாற்பத்தாறு வருஷமாக அவளோடு நடந்த கால்தான். அவள் அதை நெயில் கட்டரோடு அவசரமாகப் பார்த்ததைத் தவிர வேறு எப்படியும் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த கல் வெதுவெதுப்பாக இருந்தது. அது ஒரு முறை, உறங்குகிற பிள்ளை புரண்டு படுப்பது போல, அசைந்தது.

பிள்ளை தப்பித்துவிட்டது என்று முதலில் நெஞ்சு லேசானது. மறக்கப் போகிறவள் தான்தான் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் நாலுமுக்குக்கு ஓடிப்போன டெல்பின் கல்லில் புடவைக் கொசுவம் முழங்கால் வரைக்கும் விரிந்திருப்பதைப் பார்த்தாள். கரையில் மாங்காய் போட்டிருந்தது, அம்மா காலையில் உடுத்தியிருந்த அதே கரை. ஊர் ஒரு நாள் திகைத்தது, மறுநாள் சரியாகிவிட்டது. சுடலைக்கண்ணு பெயர்ப்பலகையில் "செல்வி" என்பதை அழித்துவிட்டு "திருமதி" என்று எழுதச் சொன்னார். திட்டியவளுக்கே சிலை வைத்த ஊர் என்று வேறு பெருமை பேச ஆரம்பித்தார்கள்.

எமரென்சியா வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தாள். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் புகழ் வாசலைத் தாண்டிப் போய்விட்டது, இனி அதற்கு அவள் தேவைப்படவில்லை. அவள் பேசியதை யார் யாரோ பாட்டாக்கினார்கள், பனியனில் அச்சடித்தார்கள். வெளியூர்த் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை நினைத்து அதைப் பார்த்து அழுதார்கள். கல் இடுப்புக்கு வந்த அன்று அவள் கிளாட்வினின் காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டாள். இருபது வருஷமாகச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிற மனுஷன் அதைக் குடித்துவிட்டு, கொல்லையில் போய் நின்றார்.

டெல்பின் அன்றிலிருந்து தப்புச் செய்ய ஆரம்பித்தாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாள். எமரென்சியா அலறினாள், "ஏட்டி, உனக்கு எத்தனை தடவை சொல்றது!" பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சோற்றைத் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தாள், செருப்போடு மாதா படத்துக்கு முன் நடந்தாள், கணக்கில் நாற்பது வாங்கிய தாளை முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் திட்டு கிடைத்தது. ஒவ்வொரு திட்டும் முந்தினதைவிடச் சின்னதாக இருந்தது.

"இன்னும் திட்டும்மா," என்றாள் ஒரு நாள், தாயின் மடியில் முகத்தை அழுத்திக்கொண்டு. "நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

"திட்டுறேன்ட்டி. திட்டாம எங்க போறேன்." எமரென்சியா அவள் தலையைத் தடவினாள். தடவும்போது, இந்தத் தலையில் சின்ன வயதில் ஒரு காயம் பட்டதே, எதில் இடித்துக்கொண்டது என்று யோசித்தாள், யோசித்தாள், வரவில்லை. கை அப்படியே நின்றது. பிள்ளைக்குத் தெரியக் கூடாதென்று திரும்பவும் தடவ ஆரம்பித்தாள்.

கல் கழுத்துக்கு வந்தது. உதடு வந்தது, பாதி திறந்திருந்தது. ஒரு ராத்திரியில் கண்ணும் வந்தது.

சென்னையிலிருந்து கார் வந்த காலையில் வெயில் நன்றாக அடித்தது. பெரிய நிகழ்ச்சியாம், பெண்கள் மாநாடாம், அவள் பேச வேண்டுமாம். அவளுக்கு நன்றாகத் தூங்கி எழுந்த சுகம் உடம்பில் இருந்தது. கொஞ்ச நாளாக எதற்கோ பயந்துகொண்டிருந்த ஞாபகம் மட்டும் இருந்தது. எதற்கு என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை, கிடைக்காததே நல்லது என்று விட்டுவிட்டாள். தங்கியிருந்த வீடு சுத்தமாக, காற்றோட்டமாக இருந்தது. வீட்டுக்காரர், வாய் பேசாத மாதிரி ஒரு நல்ல மனுஷன், பெட்டியைக் காரில் ஏற்றினார். "ரொம்ப தேங்க்ஸ் சார், உங்களுக்குச் சிரமம்," என்றாள்.

சமையலறைப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது. போய்ப் பார்த்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண், பதினாலு வயது இருக்கும், மாவுப் பாத்திரத்தைத் தரையில் கவிழ்த்துவிட்டு, அந்த வெள்ளைக்கு நடுவே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள். கன்னத்தில் மாவு தெறித்திருந்தது. பாவம், பயந்துவிட்டது.

"பரவாயில்லம்மா," என்றாள் எமரென்சியா. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாவை மிதிக்காமல் எட்டி, அந்தப் பெண்ணின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "மாவுதானே. உனக்கு அடி கிடி படலையே?"

அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டியது.

"உன் பேர் என்ன?"

"டெல்பின்."

"அழகான பேரா இருக்கே. யாரு வச்சது?"

"எங்கம்மா."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. தாமதம் அவளுக்குப் பிடிக்காத விஷயம். "நல்ல பேர் வச்சிருக்காங்கன்னு நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லு, என்ன?" என்று சொல்லிவிட்டு, அவள் விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தாள்.